இருபத்தைந்து வயது தோன்றாத மருமகன்

லண்டன் டூட்டிங்கில் உள்ள மார்ட்டில்பி கடையின் நான்காம் கவுண்டரில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கும் மங்கலத்துக்கு, சாமான்களுக்கு பில் போடுவது பாதி வேலைதான். மற்றப் பாதி, வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்து வயது சொல்வது. அதற்கென்று கம்பனி அவளுக்குப் பயிற்சி கொடுத்து, 'தோற்றம் அறிதல்: இரண்டாம் நிலைத் தேர்ச்சி' என்று ஒரு சான்றிதழும் வழங்கியிருந்தது. அவளுடைய கணவர் கார்த்திகேசு அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கழிவறையில் மாட்டிவைத்தார். அங்கேதான் ஆட்களுக்கு ஆறுதலாக வாசிக்க நேரம் கிடைக்கும் என்பது அவர் வாதம்.

இந்த வேலை எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். மார்ட்டில்பிக்குக் கடல் கடந்த நாடொன்றில் ஒரு தங்கைக் கம்பனி உண்டு. அந்தக் கடைகளில் கூடாரம், தூண்டில், வேட்டைத் துவக்கு எல்லாம் அடுத்தடுத்த வரிசையில் கிடைக்கும். இருபத்தொரு வயது ஆகாத எவருக்கும் இனிமேல் துவக்கு விற்பதில்லை என்று ஒருநாள் அவர்கள் அறிவித்தார்கள். 'சட்டம் பதினெட்டு போதும் என்கிறது, மறுக்க நீங்கள் யார்?' என்று பாதிப்பேர் வழக்குப் போட்டார்கள். மீதிப்பேர் பூச்செண்டு அனுப்பினார்கள். வழக்குகளைவிடப் பூச்செண்டுகள் அதிகம் என்பதைக் கவனித்த லண்டன் தலைமை அலுவலகத்துக்கும் அப்படி ஒரு நல்ல பெயர் வேண்டும் என்ற ஆசை பிறந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல். லண்டன் கடைகளில் மறுப்பதற்குத் துவக்கு இல்லை. இல்லாத சாமானை எப்படி மறுப்பது? மூன்று மாதம் கூடிக் கூடிப் பேசி, தட்டுத் தட்டாகத் தேடி, கடைசியில் சமையலறைப் பகுதியில் கத்திகளைக் கண்டுபிடித்தார்கள். தங்கைக் கம்பனியின் விதிப்புத்தகத்தை வரவழைத்து, 'துவக்கு' என்று இருந்த இடங்களில் 'கத்தி' என்றும், 'இருபத்தொரு வயது' என்று இருந்த இடங்களில் 'இருபத்தைந்து வயதுத் தோற்றம்' என்றும் மாற்றி அச்சடித்தார்கள். அவசரத்தில் சில இடங்கள் தவறிவிட்டன. அதனால், கேக் வெட்டும் கத்தியாக இருந்தாலும் அதைக் கூரையை நோக்கிப் பிடித்து, உள்ளே குண்டு இல்லை என்று உறுதிசெய்த பிறகே வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டும் என்று எட்டாம் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. மங்கலம் அதையும் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

அப்படிப்பட்ட மங்கலத்தின் கவுண்டருக்குத்தான், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், அவளுடைய மருமகன் கத்தி வாங்க வந்தான்.

மருமகன் என்றால் பாதி மருமகன். மகள் விதுஷாவுக்கும் கிருசாந்தனுக்கும் பங்குனியில் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. தாலி கட்டுவது ஆவணியில். அதற்கிடையில் செவன் கிங்ஸில் வாடகைக்கு எடுத்த வீட்டின் சாவி கிடைத்துவிட்டதால், வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கும் பத்து இருபதுக்கும் இடையில் பால் காய்ச்சுவதென்று நாள் வைத்திருந்தார்கள்.

பால் காய்ச்சுவதற்கு முன் தேங்காய் உடைக்கவேண்டும். அங்கேதான் கிருசாந்தனின் தாய் வேதவல்லி தொலைபேசியில் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"இரும்புச் சாமான் ஆரும் ஆருக்கும் குடுக்கிறேல்லை, தெரியும்தானே? குடுத்தா உறவை வெட்டிப்போடும். புது வீட்டிலை முதல் தேங்காய் உடைக்கிற கத்தி, என்ரை பிள்ளை தன்ரை கையாலை வாங்கினதா இருக்கவேணும். இரவல் கத்தியும் வேண்டாம், பரிசுக் கத்தியும் வேண்டாம்."

இதில் மங்கலத்துக்கு ஒரு மறுப்பும் இல்லை. கவுண்டரில்கூட அவள் கத்தியை எவர் கையிலும் கொடுப்பதில்லை. மேசையில் வைப்பாள், அவர்களாக எடுத்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரரோடுகூட எதற்கு வீணாக உறவை முறிப்பது? "என்ரை கவுண்டருக்கே வரச்சொல்லுங்கோ, நல்ல கத்தியாப் பாத்து எடுத்துத் தாறன்," என்று வாயைக் கொடுத்தவளும் அவள்தான்.

கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்த கனத்த கத்தியைக் கூரையை நோக்கிப் பிடித்து, குண்டு இல்லை என்று கண்டு, மேசையில் வைத்தாள். திரை வழக்கம்போலக் கேட்டது: 'இந்த வாடிக்கையாளருக்கு இருபத்தைந்து வயது தோன்றுகிறதா? ஆம் / இல்லை.'

மங்கலம் நிமிர்ந்து பார்த்தாள். கார்ட்டூன் முயல் போட்ட ரீசேட். இன்னும் ஒழுங்காக ஊன்றாத தாடி. இரண்டு கன்னத்திலும் குழி விழச் சிரித்துக்கொண்டு, "என்ன மாமி, மாப்பிள்ளைக்கு டிஸ்கவுண்ட் இல்லையோ?" என்கிறான். இரண்டாம் நிலைத் தேர்ச்சிக் கண்ணுக்குப் பத்தொன்பது தெரிந்தது. ஜன்னல் பக்கமாகத் திரும்பியபோது பதினெட்டரை.

அதுமட்டும் என்றால் பரவாயில்லை. இவன் பெயரை விதுஷா வீட்டில் முதன்முதலாகச் சொன்ன நாளிலிருந்து மங்கலத்தின் மனதுக்குள் ஒரு கேள்வி கிடந்து நெளிந்துகொண்டிருந்தது. லிப்ட் திருத்துகிற நல்ல வேலை இருக்கிறது, சரி. ஆனால் சனி ஞாயிறுகளில் ரிசர்வ் ராணுவத்தில் போய்த் துவக்கோடு சேற்றில் உருண்டுவிட்டு வருகிறான். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்த குடும்பத்துக்கு இப்படியும் ஒரு மருமகனா? விளையாட்டுப் பிள்ளை மாதிரித் தெரிகிறானே, இவன் ஒரு வீட்டைத் தாங்குவானா? விரல் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 'இல்லை'யை அமுக்கிவிட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. "நன்றி. நீங்கள் இப்போது ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கலாம்," என்றது இயந்திரம். மேலே இருந்த கமெரா கிருசாந்தனை ஒரு படம் எடுத்தது. அதற்கும் அவன் சிரித்தான்.

"மாமி, லைசன்ஸ் இருக்கு. பிறந்த திகதியைப் பாருங்கோ, இருபத்திரண்டு."

"தெரியும் தம்பி. உங்கடை கலியாண எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சதே நான்தானே."

"பிறகென்ன?"

"வயது இருக்கு. தெரியேல்லை."

பக்கத்தில் நின்ற விதுஷா, "அம்மா, சீரியஸா?" என்றாள். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஒரு அமுக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பது மங்கலத்துக்கே மறுநாள்தான் தெரிந்தது. 'பாதுகாப்பான கைகள்' என்ற கூட்டமைப்பில் நானூறு கடைகள் சேர்ந்திருந்தன. ஒரு கடையில் மறுக்கப்பட்டவரின் முகம் எல்லாக் கடைகளின் திரைக்கும் போய்விடும். புதன்கிழமை காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கிருசாந்தன் டூட்டிங்கிலிருந்து கிங்ஸ்பரி வரை ஏறி இறங்கினான். மேல் டூட்டிங் வீதியில், சின்ன வயதிலிருந்து தெரிந்த மளிகைக் கடைக்காரர்கூடக் கையை விரித்தார்.

"தம்பி, உம்மடை முகம் லிஸ்டிலை கிடக்கு. வெண்டிக்காய் வேணுமெண்டா தாறன். வெட்டுறதுக்கு ஒண்டும் தர ஏலாது."

மருந்துக்கடையில் நகவெட்டி இல்லை என்றார்கள். மத்தியானம் பசிக்கு வாங்கிய பீட்சாவைத் துண்டு போடாமல் முழு வட்டமாகக் கொடுத்தார்கள்.

மாலையில் வேதவல்லியின் அழைப்பு வந்தது. "கத்தி இல்லாட்டிப் பால் காய்ச்சல் இல்லை. பால் காய்ச்சாமல் தாலி கட்டி என்ன? எல்லாத்தையும் தைக்குத் தள்ளிப்போட்டு ஆறுதலா யோசிப்பம்." அந்த 'யோசிப்பம்' என்ற சொல்லை அவள் இழுத்த இழுவையில் கலியாண மண்டபமே ஒருதரம் ஆடியது.

விதுஷா தாயோடு கத்திச் சண்டை போட்டிருந்தால் மங்கலம் தாங்கியிருப்பாள். மகள் மெதுவாகத்தான் பேசினாள்.

"உங்களுக்கு அவரைப் பிடிக்கேல்லை அம்மா. அதைச் சொல்ல இவ்வளவு நாளும் வாய் வரேல்லை. இப்ப ஒரு பட்டன் கிடைச்சிட்டுது. வெள்ளிக்கிழமை கத்தி கிடைச்சாலும் நீங்கள் வரவேண்டாம்."

உறவு வெட்டுப்படும் என்று பயந்து பதினொரு வருடமாக எவர் கையிலும் கத்தி கொடுக்காதவள் மங்கலம். கத்தியைக் கொடுக்காமலேயே வெட்டிவிட்டாளே! அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் அந்தக் கத்தி அந்தப் பிள்ளையின் கைக்குப் போயாகவேண்டும். வேறு எதுவும் அவளுக்கு மனதில் நிற்கவில்லை.

கடை மனேஜர் டேரனிடம் அவள் புதன்கிழமை காலையிலேயே போயிருந்தாள். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"மங்கலம், சொந்த மருமகனையே! உன் சான்றிதழுக்குப் பெருமை சேர்த்துவிட்டாய். 'மாதத்தின் சிறந்த மறுப்பாளர்' என்று உன் படத்தை இன்றைக்கே மாட்டுகிறேன்."

"படம் வேண்டாம் டேரன். அந்த மறுப்பை எடுத்துவிடுங்கள்."

"மறுப்பை எடுக்க வழியில்லை. மேல்முறையீடு செய்யலாம். தலைமை அலுவலகத்தில் தோற்ற மதிப்பீட்டுச் சபை வியாழக்கிழமைகளில் கூடுகிறது." அவர் குரலைத் தாழ்த்தினார். "மங்கலம், இந்தத் தெருவில் பிள்ளைகள் கத்திக்குப் பலியாவதை நீயும் பார்த்திருக்கிறாய். நாங்கள் சும்மா இருக்கமுடியுமா?"

பார்த்திருக்கிறாள். போன மாசியில் பஸ் தரிப்பிடத்தில் அவளும் மெழுகுதிரி ஏற்றியவள்தான். அந்தப் பிள்ளைகள் முன்பு பந்து விளையாடிய இளைஞர் மன்றம் கடைக்குப் பின்னால் இருந்தது. நடத்த வசதியில்லை என்று மூடியதும் கம்பனி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இப்போது 'பாதுகாப்பான கைகள்' பதாகைகளைச் சுருட்டி அங்கேதான் அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

புதன் மாலையே கார்த்திகேசு மருமகனைக் கூப்பிட்டு வயது ஏற்றத் தொடங்கினார். தன்னுடைய மண்ணிறக் கார்டிகனைப் போட்டுவிட்டார். வாசிக்கும் கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துவிட்டார்.

"கதிரையிலை இருக்கேக்கை சும்மா இருக்கப்படாது. 'அப்பனே முருகா' எண்டு ஒரு மூச்சு விடும். எழும்பேக்கை முழங்காலைப் பிடியும். ஆரும் ஏதும் கேட்டா, கவுன்சில்காரன் குப்பை எடுக்க வரேல்லை எண்டு தொடங்கும்."

"மாமா, எனக்கு முழங்கால் நோ இல்லையே."

"எனக்கும் உம்மடை வயதிலை இல்லை. மாமியைக் கட்டினாப் பிறகுதான் வந்தது. நடியும்!"

தலைமை அலுவலகம் ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்பதற்காக அதன் கன்டீனில் கத்தியே வைப்பதில்லை. நரைத்த அதிகாரிகள் கரண்டியின் பின்பக்கத்தால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி, வியாழன் காலை பதினொரு மணிக்கு நால்வரும் மாடிக்கு ஏறினார்கள். விதுஷா தாயைவிட்டு நான்கு படி தள்ளியே ஏறினாள்.

வரவேற்றவர் கல்யாணசுந்தரம். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். பதவி, தோற்றப் பிரிவின் துணை இயக்குநர்.

"வாங்கக்கா, உட்காருங்க. தமிழ்லயே பேசலாம்லா, நோ ப்ராப்ளம்."

கார்த்திகேசு ஆறுதலடைந்து, "தம்பி, இது பிள்ளையின்ரை லைசன்ஸ்..." என்று நீட்டினார். கல்யாணசுந்தரம் பாம்பைக் கண்டவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயோ அண்ணே, காட்டாதீங்க! பார்த்துட்டா எங்களுக்கு வயசு தெரிஞ்சு போயிடும்."

"தெரிஞ்சா நல்லதுதானே?"

"தெரிஞ்சு மறுத்தா அது வயசுப் பாகுபாடு. பதினெட்டு ஆனவங்க எங்க மேல கேஸ் போடலாம். தெரியாம மறுத்தா அது பாதுகாப்பு. யாரோட வயசும் எங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கத்தான் இந்த மாடியில பதினாலு பேர் வேலை செய்யறோம்."

உள்ளே சபைத் தலைவி பிலிப்பா நடுவில் அமர்ந்திருந்தார். இருபக்கமும் பென்சிலோடு இரண்டு மதிப்பீட்டாளர்கள். பிலிப்பா மிகவும் அன்பாகப் பேசினார்.

"முதலில் ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். இந்தக் கம்பனி எந்த இளைஞரையும் வயதுக்காக மறுத்ததில்லை. இளமைக்காக மட்டுமே மறுக்கிறோம். கத்தி வாங்குவது சட்டப்படி அவருடைய உரிமை என்பதை முழுமனதோடு மதிக்கிறோம். அதனால்தான் அந்த உரிமையை அவர் வேறு கடையில் பயன்படுத்தவேண்டும் என்று வாழ்த்துகிறோம்."

"மற்றக் கடைகள் எல்லாவற்றிலும் என் முகம் பட்டியலில் இருக்கிறதே," என்றான் கிருசாந்தன்.

"அது எங்கள் கூட்டமைப்பின் வெற்றி," என்று பிலிப்பா தலையசைத்தார்.

மங்கலம் துணிந்து கேட்டாள். "மேடம், இந்தப் பிள்ளைக்குச் சனி ஞாயிறில் ராணுவம் ரைபிள் கொடுக்கிறது. குண்டு போட்ட ரைபிள். அதைப் பிடிக்கலாம், தேங்காய்க் கத்தி பிடிக்கக்கூடாதா?"

பிலிப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த ரைபிளை விற்றது நாங்கள் அல்ல. எங்கள் அக்கறை மிகவும் ஆழமானது. ஆனால் அது எங்கள் ரசீது போகும் தூரம் வரைக்கும்தான் போகும். எங்காவது ஒரு துயரம் நடந்தால், பொலிசாருக்கு முன்பே எங்கள் குழு போய்ப் பையைப் பார்க்கும். அது வேறு கடைப் பையாக இருந்தால், எங்கள் கொள்கை வேலை செய்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்."

மதிப்பீட்டாளர்கள் இருவரும் இதைக் குறித்துக்கொண்டார்கள். பெருமையாகவே குறித்துக்கொண்டார்கள்.

பிறகு, மூலையில் ஒரு கமெரா படமெடுக்க, ஐந்து நிமிட 'இயல்பு அவதானம்' தொடங்கியது. கிருசாந்தனை ஒரு கதிரையில் இருத்தி, தேநீரும் ஓய்வூதியக் கையேடு ஒன்றும் கொடுத்தார்கள். மற்றவர்கள் சுவரோரம் நிற்கவேண்டும், பேசக்கூடாது.

கிருசாந்தன் 'அப்பனே முருகா' என்று உட்கார்ந்தான். பென்சில்கள் அசைந்தன. கையேட்டைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தான். "எங்கடை பக்கம் இந்தக் கிழமையும் குப்பை எடுக்கேல்லை," என்று யாருக்கும் இல்லாமல் சொல்லி, அதை ஆங்கிலத்திலும் ஒருதரம் சொன்னான். ஒரு மதிப்பீட்டாளர் தன்னை மறந்து, "எங்கள் பக்கமும்தான்," என்றார். முழங்காலைத் தடவி, கொதிகலன் திருத்துபவர் வரவே இல்லை என்று பெருமூச்சு விட்டபோது, கல்யாணசுந்தரம் மங்கலத்தின் காதருகில், "இருபத்தேழு வரைக்கும் வந்துட்டாருக்கா," என்று கிசுகிசுத்தார். கார்த்திகேசு நெஞ்சை நிமிர்த்தினார்.

நான்காம் நிமிடம்தான் அது நடந்தது. கார்டிகனின் பொத்தான்களை அவன் ஒன்று மாற்றி ஒன்று பூட்டியிருந்தான். ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி நின்றது. சுவரோரம் நின்ற விதுஷா அதைக் கண்டுவிட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தான்.

அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடி எங்கே போனது, முழங்கால் நோ எங்கே போனது! இரண்டு கன்னத்திலும் குழி விழுந்தது. அந்த அறையில் சபை இல்லை, பென்சில் இல்லை, ஓய்வூதியம் இல்லை. உலகத்தில் அவளைத் தவிர வேறு ஒருவருமே இல்லை என்பதுபோல் ஒரு பார்வை.

"பத்தொன்பது," என்றார் முதல் மதிப்பீட்டாளர்.

"பதினெட்டரை," என்றார் இரண்டாமவர்.

"பதினேழுலா," என்று கல்யாணசுந்தரம் வருத்தத்தோடு தலையைச் சொறிந்தார்.

பிலிப்பா கோப்பை மூடினார். "மன்னிக்கவேண்டும். வீட்டுப் பொறுப்புள்ள ஒருவர் தன் மனைவியை அப்படிப் பார்ப்பதை நான் கண்டதில்லை. எனக்குத் திருமணமாகி இருபத்தாறு வருடம். இரண்டு வருடம் கழித்து வாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்."

வெளியே லிப்டுக்குக் காத்து நின்றபோது மங்கலம் கல்யாணசுந்தரத்தைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, வேறை வழியே இல்லையோ?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குக்கா. பயிற்சி எடுத்த காசாளர் யாராச்சும் பின்னால இவரைப் பார்த்து, இருபத்தஞ்சு தோணுதுன்னு அமுக்கிட்டா, லிஸ்ட்ல இருந்து முகம் தானாவே அழிஞ்சிடும். அதுக்கு நாங்க 'வளர்ச்சி'ன்னு பேர் வச்சிருக்கோம்."

"அப்ப இந்தச் சபை சொன்னது?"

"சபை அபிப்பிராயம்தான் சொல்லும். முடிவு எடுக்கறது கவுண்டர்ல உட்கார்ந்திருக்கற மனுஷன். நாளைக்கு ஏதாச்சும் தப்பாயிட்டா வேலையை விட்டுத் தூக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல? அந்த ஒரு இடத்துல மட்டும்தான் நாங்க மெஷின் போடல."

திரும்பி வரும்போது நிலக்கீழ் ரயிலில் கிருசாந்தன் கார்டிகனைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து மடியில் வைத்திருந்தான். "சொறி மாமி," என்றான் கடைசியில். "சிரிச்சுப்போட்டன்."

தாலி கட்டப்போகிறவளைப் பார்த்துச் சிரித்ததற்கு அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்கிறது. மங்கலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

டூட்டிங்கில் படியேறி வெளியே வந்ததும் அவனுடைய தொலைபேசி அடித்தது. வேதவல்லியின் குரல் நான்கடி தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது. கிருசாந்தன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"இல்லை அம்மா. மாமியிலை பிழை இல்லை. அவ தன்ரை வேலையைச் செய்தவ... இல்லை, அப்பிடிக் கதைக்காதேங்கோ. விதுஷான்ரை அம்மாவைப் பற்றி என்னட்டை அப்பிடிக் கதைக்க வேண்டாம். தேங்காயை நான் சுவரிலை அடிச்செண்டாலும் உடைப்பன். தைக்குத் தள்ளுற கதை இனி வேண்டாம். சரி, சாப்பிட்டீங்களோ? மருந்து போட்டீங்களோ?"

மூன்று நாளாக அலைந்தவன். நகவெட்டிகூடக் கிடைக்காதவன். மங்கலத்தை ஒரு சொல்கூடக் குறைவாகச் சொல்லவில்லை. தாயையும் வெட்டாமல், மாமியையும் விடாமல், நடுவில் நின்று நிதானமாகப் பேசிய அந்தக் குரலை மங்கலம் இதற்குமுன் கேட்டதில்லை. எப்படிக் கேட்டிருப்பாள்? இவ்வளவு நாளும் அவனுடைய முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, எனக்கு மூண்டு மணிக்கு ஷிப்ட். அஞ்சு மணிக்குக் கவுண்டருக்கு வாங்கோ."

"என்ன மாமி, திரும்பவுமோ? கார்டிகனைப் போடட்டோ?"

"வேண்டாம். அந்த முயல் ரீசேட் நல்லாத்தான் இருந்தது."

ஐந்து மணிக்கு இருவரும் வந்தார்கள். விதுஷா பக்கவாட்டில் திரும்பி நின்றாள். மங்கலம் கத்தியை எடுத்துக் கூரையை நோக்கிப் பிடித்தாள். குண்டு இல்லை. மேசையில் வைத்தாள். திரை கேட்டது. கிருசாந்தன் பயத்தில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நின்றான். "சிரியுங்கோ தம்பி," என்றாள் மங்கலம். அவன் சிரித்தான். பதினெட்டரை.

'ஆம்' என்று அமுக்கினாள்.

இயந்திரத்துக்கு நம்பிக்கை வரவில்லை. 'நிச்சயமாகவா?' ஆம். 'பின்னால் நடக்கும் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பேற்கிறீர்களா?' ஆம். அந்தக் கேள்விக்கு அவள் விரல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மாமியார் ஆவதென்றால் அதுதானே. 'காரணத்தைத் தெரிவு செய்க: நரை, வழுக்கை, சுருக்கம், களைப்பு, வேறு.' 'வேறு' என்பதை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. நானூறு கடைகளின் திரைகளிலிருந்தும் கன்னக்குழி விழுந்த ஒரு முகம் மறைந்தது.

கிருசாந்தன் அட்டையைத் தட்டிவிட்டுத் தன் கையால் கத்தியை எடுத்துக்கொண்டான். விதுஷா போகத் திரும்பினாள். இரண்டடி போய் நின்றாள்.

"அம்மா, பால் பொங்குற சட்டி என்னட்டை இல்லை. நீங்கள்தான் கொண்டுவரவேணும். எட்டு மணிக்கே வந்திடுங்கோ."

மங்கலம் தலையாட்டினாள். அடுத்த வாடிக்கையாளரின் வெங்காயம் சற்று நேரம் கலங்கலாகத் தெரிந்தது.

ஆறு மணிக்கு டேரன் கூப்பிட்டார். "வீடியோவை மூன்று தரம் பார்த்தேன், மங்கலம். சபை இன்று காலைதான் பதினெட்டரை என்று எழுதியிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு இருபத்தைந்து. எதைப் பார்த்துச் சொன்னாய்?"

"மருமகனாகத் தெரிந்தார்."

டேரன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். துவக்கு என்று இருந்த பக்கங்களிலும் தேடினார், கத்தி என்று இருந்த பக்கங்களிலும் தேடினார். "அப்படி ஒரு தோற்றம் இதில் இல்லை. திங்கட்கிழமை கம்பனி உன் கண்ணைப் பரிசோதிக்கும். அதுவரை நீ இந்தக் கடைக்குள் கால் வைக்கக்கூடாது."

"நாளைக்குமா?"

"நாளைக்கு நிச்சயமாக."

"மிகவும் நன்றி, டேரன்," என்றாள் மங்கலம் மனதார.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டுக்குத் தேங்காய் சரிபாதியாக உடைந்தது. வேதவல்லி இரண்டு பாதியையும் வாங்கி, நகைக்கடைக்காரர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம், பிசகில்லை," என்றாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கார்த்திகேசு எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீரே தம்பி, இப்பிடித்தான் பிடிக்கிறது," என்றார்.

திங்கட்கிழமை கண் மருத்துவர் காட்டிய பலகையில், அச்சடித்தவரின் விலாசம் உட்பட எல்லாவற்றையும் மங்கலம் வாசித்தாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை போயிற்று. இதனால் தலைமை அலுவலகத்தில் பெரிய சங்கடம் உண்டானது. காசாளரின் கண் சரி என்றால் சபை பிழை. சபை சரி என்றால் கண் பிழை. மருத்துவரோ கண் சரி என்கிறார். பதினான்கு பேரும் இரண்டு நாள் கூடியிருந்து, கிடைத்த ஒரே விடையை ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்: மறுப்பினால் அந்த இளைஞன் ஆறு மணி நேரத்தில் ஆறரை வயது வளர்ந்துவிட்டான். திட்டத்தின் முதல் வெற்றி!

வெற்றியைக் கொண்டாட எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பதாகை வந்தது. 'பொறுப்போடு வளர்ந்தார்' என்ற எழுத்துக்குக் கீழே, சபை அறையில் எடுத்த கிருசாந்தனின் படம். வாசிப்பவர்கள் நம்பவேண்டுமே என்பதற்காக ஓவியர் ஒருவரைக் கொண்டு காதோரம் நரை வைத்து, நெற்றியில் மூன்று கோடும் இழுத்திருந்தார்கள். அறுபது வயது சொல்லலாம். படத்தின் விளிம்பில் நின்ற விதுஷாவை வெட்டி எறிந்துவிட்டார்கள். ஆனால் அவன் பார்வையை அவர்களால் திருப்பமுடியவில்லை.

நான்காம் கவுண்டருக்கு நேர் எதிரே டேரன் அதை மாட்டினார். கூட்டம் இல்லாத நேரங்களில் மங்கலம் அதை நிமிர்ந்து பார்ப்பாள். காதோரம் நரைத்து, நெற்றியில் கோடு விழுந்த பிறகும், கன்னம் இரண்டும் குழிய, படத்தில் இல்லாத அவளுடைய மகளையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.